உரிமையில்லாத இடத்துக்கு வருந்தலாமா?

அறம் பேசும் இதழில் ஓர் உணவகத்தைப் பற்றி எழுத வந்தமைக்கு வாசகர்கள் முதற்கண் பொறுத்தருள வேண்டும். தோசையும் காப்பியும் விற்ற ஓரிடம் மூடப்பட்டது. மூடப்பட்டும் ஆண்டுகள் பல ஆயின. அதற்காக வருந்துவது தகுமா, தகாதா என்று ஒரு முதியவள் இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறாள் என்றால் அது நகைப்புக்கு இடமாகும். ஆயினும், பெரிய கணக்கைச் சிறிய பொருளை வைத்தே கற்பிக்க வேண்டும் என்பது ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லப்பட்ட முதற்பாடம். புளியங்கொட்டையை வைத்துத்தான் நான் முப்பத்தைந்து ஆண்டுகள் கூட்டலும் கழித்தலும் கற்பித்தேன். இந்த உணவகத்தையும் அவ்வாறே ஒரு புளியங்கொட்டையாகக் கொள்க.

சென்னைக் கதீட்ரல் சாலையில், ஜெமினி மேம்பாலத்துக்கு அருகில் இருந்த 'உட்லண்ட்ஸ் டிரைவ்-இன்' உணவகத்தை நம் குடும்பங்களில் பலர் அறிவர். 1962-இல் தொடங்கப்பெற்று 2008-இல் மூடப்பட்டது. தொடங்கியவர் கே. கிருஷ்ணராவ். தென்கன்னடத்துச் சிற்றூரில் வறுமையில் பிறந்து, உணவுச்சாலையில் எடுபிடியாக உழைத்து முன்னுக்கு வந்தவர். 1938-இல் இராயப்பேட்டையில் ஒரு பழைய மாளிகையை வாடகைக்கு எடுத்து விடுதி நடத்தினார். அம்மாளிகைக்கு வழங்கிய பெயரே உட்லண்ட்ஸ் என்பது. 1952-இல் இன்றைய டாக்டர் இராதாகிருஷ்ணன் சாலையில் புதிய விடுதி திறந்தபோது அப்பெயரின் முன் 'நியூ' என்னும் சொல்லைச் சேர்த்துக்கொண்டார். பிறர் வீட்டின் பெயர் ஒருவருடைய தொழிலுக்கு நிலைத்த பெயராயிற்று என்பது, பின்னால் நடந்தவற்றை எண்ணும்போது, கருதத்தக்கதாகிறது.

காரை விட்டு இறங்காமலே உண்ணும் வழக்கம் அமெரிக்காவிலிருந்து வந்தது. டெக்சாஸ் மாநிலத்து டல்லாஸ் நகரில் 1921-இல் திறக்கப்பட்ட 'பிக் ஸ்டாண்ட்' என்னும் கடையை இவ்வகையில் முதலாவது என்பர். பெயரே கூறுவதுபோல் அங்கு விற்றது பன்றியிறைச்சி. அம்முறை கடல் கடந்து வந்து, நம்மூரில் இட்டிலிக்கும் வடைக்கும் உரியதாயிற்று! நல்லது எங்கும் செல்லலாம், அல்லது எதுவும் திருந்தலாம் என்று நம் பெரியோர் கூறினால் நான் மறுக்கமாட்டேன். அந்த அமெரிக்க நிறுவனமும் 2006-இல் நொடித்து மூடப்பட்டது. சான் அந்தோனியோ நகரில் இருந்த கடை ஒன்றை மட்டும், அங்கே பரிமாறும் பெண்ணாகச் சேர்ந்து நாற்பது ஆண்டுகள் அளவில் உழைத்த ஒருவர் மறுபடி திறந்தார் என்று படித்தேன். பரிமாறியவரே திறந்தார் என்பதை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

நம்மூர் டிரைவ்-இன்னில் கார்கள் மரநிழலில் வரிசையாக நிற்கும். சர்வர் வந்து கார்க்கதவில் தட்டை மாட்டிவிட்டுப் போவார். பெரிய சன்னா பட்டூராவைக் காணவே பிள்ளைகள் வருவர். கார் இல்லாதவர் அமர உள்ளே மேசை நாற்காலிகளும் இருந்தன. நாங்கள் கார் இல்லாதவர்கள். மருந்து விற்பனைப் பிரதிநிதிகள், வழக்கறிஞர்கள், கல்லூரி மாணவர்கள், திரைப்படத்துக்குக் கதை எழுத முயல்வோர் என்று பலதிறத்தாரும் அங்கே வந்து அமர்வர். ஒரு காப்பிக்கு எத்தனை மணி நேரம் அமரலாம் என்பதற்கு அங்கே வரையறை இல்லை. 'எழுந்திருங்கள்' என்று எவரும் சொன்னதில்லை. ஊரெல்லாம் அவ்விடத்தைப் புகழ்ந்தது தோசைக்காக என்று நான் நினைக்கவில்லை. அதைவிடச் சுவையான தோசை மயிலாப்பூரிலேயே கிடைத்தது.

1974-இல் கடற்கரைச் சாலையிலுள்ள லேடி வெலிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நான் பயின்றபோது, வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து என் தந்தையார் என்னைக் காண வந்தார். வெளியில் உண்ணும் வழக்கம் அவருக்கு இல்லை. எனினும் அன்று காலையில் வீட்டில் உண்டதற்குப்பின் அவர் ஒன்றும் உண்டிருக்கவில்லை. மாலை ஐந்தரை மணியும் ஆகிவிட்டது. உடன் பயின்ற ஒரு தோழி எங்களை டிரைவ்-இன்னுக்கு அழைத்துச் சென்றாள். தந்தையார் நாற்காலியின் விளிம்பில் அமர்ந்து, சாம்பாரில் கிழங்கு வகை ஏதும் சேர்ந்துள்ளதா என்று சர்வரிடம் கேட்டார். எனக்கு நாணமாயிருந்தது, பட்டணத்தில் இப்படியெல்லாம் கேட்பார்களா என்று தலைகுனிந்தேன். அந்தச் சர்வர், கன்னட வாடை வீசும் தமிழில், "கேட்டுவிட்டு வருகிறேன் பெரியவரே" என்று உள்ளே சென்றார். திரும்பி வந்து, "சாம்பார் வேண்டாம், இட்டிலியும் தேங்காய்ச் சட்டினியும் பாலும் தருகிறேன்" என்றார். பிறகு ஒருமுறை வானத்தைப் பார்த்தார். "பொழுது சாய்வதற்குள் கொண்டுவந்துவிடுகிறேன்" என்றார். தென்கன்னடம் சமணம் தழைத்த நாடு. அங்கே இரவில் உண்ணாதவர்களை அவர் கண்டிருப்பார் போலும். தந்தையார் உண்டு முடித்தபோது வெயில் மரக்கிளையில் இருந்தது.

பணியில் சேர்ந்தபின் நாங்கள் ஆசிரியைகள் ஐவர், சம்பளம் வந்த மறு சனிக்கிழமை அங்கே கூடுவதை வழக்கமாக்கிக்கொண்டோம். தேர்வுத்தாள் திருத்துவோம். பள்ளிக் கதைகளைப் பேசுவோம். ஒருத்தி தன் கணவரின் குடிப்பழக்கத்தைப் பற்றி முதன்முதலில் வாய்திறந்தது அந்த மேசையில்தான்; வீட்டில் சொல்ல இடமில்லாததைச் சொல்ல அங்கே இடமிருந்தது. இரண்டு தோசை, மூன்று காப்பி. காப்பியை 'பை-டூ' என்று பிரித்துக்கொள்வோம். மூன்று மணி நேரம் ஆகும். இவ்வாறு முப்பது ஆண்டுகள் சென்றன.

நிலத்தின் கதை வேறு. அது அரசு நிலம். 1835-இல் தோன்றிய வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தின் வசம் இருந்தது. அச்சங்கத்திடமிருந்து உணவகம் குத்தகைக்குப் பெற்றிருந்தது. நெடுங்காலம் நடந்த வழக்குகளுக்குப்பின் அரசு அதனை மீட்டுக்கொண்டது. செய்தி வந்தபோது எங்கள் ஐவருள் ஒருவர் நாளிதழுக்குக் கடிதம் எழுத வேண்டும் என்று துடித்தார். தமிழாசிரியை என்பதால் வரைவு எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. 'எங்கள் இடம்' என்று தொடங்கி ஒன்றரைப் பக்கம் எழுதினேன். வருவாய்த் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற என் கணவரிடம் காட்டினேன். அவர் முழுவதும் படித்துவிட்டு, "எங்கள் இடம் என்று எழுதியிருக்கிறாயே, பட்டா யார் பேரில் இருக்கிறது?" என்று கேட்டார். அத்துடன் நிற்கவில்லை. "காரில் வருகிறவனும் காப்பிக்குக் காசு உள்ளவனும் மட்டும் இதுவரை அந்த மர நிழலில் அமர்ந்தான். பூங்கா வந்தால் எல்லாரும் அமர்வார்கள். இதை எதிர்த்து அறம் போதிக்கும் ஆசிரியை கடிதம் எழுதலாமா?" என்றார்.

எனக்குச் சினம் வந்தது. கடிதத்தை அனுப்பவில்லை. அவர் சொன்னது சரியென்று ஏற்று நிறுத்தியதாக எண்ணவேண்டாம். விடை தெரியாமையால் நிறுத்தினேன்.

இனி வினாவுக்கு வருவோம். உரிமை இல்லாத ஒன்றை இழந்ததற்கு வருந்துதல் முறையா?

நம் அறநூல்களைக் கற்றோர் எளிதாக ஒரு விடை தருவர். பன்னிரு சிந்தனைகளுள் முதலாவது அநித்தியம், தோன்றியது மறையும், மறைந்ததற்கு வருந்துவது பேதைமை. இவ்விடை உண்மை என்பதில் எனக்கு ஐயமில்லை. அதைப் பிறருடைய இழப்புக்குச் சொல்லும்போது நமக்கிருக்கும் விரைவைத்தான் நான் ஐயுறுகிறேன். இழவு வீட்டில் விதவையின் முன் அமர்ந்து நிலையாமை பேசுவோர், தம் வீட்டில் ஒரு வெள்ளித் தம்ளர் காணாமற்போனால் மூன்று நாள் பணிப்பெண்ணை விசாரிப்பதை என் கண்ணால் கண்டிருக்கிறேன். அநித்தியம் என்பது தானே தன்னிடம் சொல்லிக்கொள்ள வேண்டிய சிந்தனை. பிறரை வாயடைக்கச் செய்யும் கருவியாக அது தரப்படவில்லை.

சட்டம் கற்றோர் தரும் விடை என் கணவர் தந்த விடை. உரிமையில்லை, ஆகவே இழப்புமில்லை. இதன் முற்பகுதியை ஏற்கிறேன். பிற்பகுதியை இன்றும் ஏற்க இயலவில்லை. வாடகை வீட்டில் பத்தொன்பது ஆண்டு குடியிருந்தோம். பின்கட்டில் நான் நட்ட முருங்கை, போகும்போது ஓட்டுக்கூரைக்கு மேல் வளர்ந்திருந்தது. வீட்டுக்காரர் எங்களை முறையாகவே காலி செய்யச் சொன்னார், அவர்மீது குறையில்லை. ஆயினும் வண்டி ஏறும்போது நான் அம்மரத்தைத் தொட்டுவிட்டு வந்தேன். மாணவர் விஷயமும் அவ்வாறே. ஆண்டுக்கு நாற்பது பிள்ளைகள் வருவர், ஏப்ரலில் போய்விடுவர். எந்தப் பிள்ளையின்மேலும் ஆசிரியருக்கு உரிமை இல்லை. அவர்கள் போவது இழப்பாகத் தோன்றாத ஆசிரியரிடம் என் பேரனைப் படிக்க அனுப்ப நான் விரும்பமாட்டேன். எண்ணிப்பார்த்தால், நம் வாழ்வில் நாம் மிக நேசித்தவற்றுள் பெரும்பாலானவை பட்டா இல்லாதவை.

ஆகவே வருந்தலாம் என்றே முடிவு செய்திருந்தேன். அந்த வருத்தம் 'என்னுடையது' என்னும் வழக்காக மாறாத வரையில் அதில் குற்றமில்லை என்றும், நான் எழுதிய கடிதத்தின் குற்றம் அதன் முதற்சொல்லில் இருந்தது என்றும் எனக்கு நானே விளக்கிக்கொண்டேன். இவ்விளக்கத்தோடு இக்கட்டுரையும் முடிந்திருக்கும். மூடுவதற்கு முன் கடைசியாக ஒருமுறை சென்றபோது கேட்ட ஒரு சொல் அதைக் கலைத்துவிட்டது.

அன்று கூட்டம் நிரம்ப இருந்தது. ஐவருள் ஒருவர் முன்னமே காலமாகிவிட்டார், நால்வர் சென்றோம். எங்களுக்குப் பல ஆண்டுகளாகப் பரிமாறிய சர்வர் (என் தந்தையாருக்குப் பரிமாறியவர் அல்லர், இவர் பின்னால் வந்தவர்) காப்பியை வைத்துவிட்டுச் சற்று நின்றார். இனி எங்கே போவீர்கள் என்று கேட்டோம். ஊரில் தம்பியின் வீடு இருக்கிறது என்றார். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார்: "நீங்கள் வருகிற சனிக்கிழமையெல்லாம் எனக்கு மூன்று மேசை குறையும் அம்மா. ஆள் மாறினால்தானே டிப்ஸ் வரும்? பரவாயில்லை, உங்கள் பேச்சு கேட்க நன்றாயிருக்கும்."

குறையாக அவர் சொல்லவில்லை. விடைபெறும்போது சொல்லும் கேலிபோலவே சொன்னார். என் தோழியரும் சிரித்தனர். நான் கணக்காசிரியையும் ஆவேன். மனம் தானாகக் கூட்டத் தொடங்கியது. மாதம் ஒரு சனிக்கிழமை, மூன்று மேசை, ஆண்டுக்குப் பன்னிரண்டு முறை. அவர் எங்கள் மேசைக்கு வந்து பதினைந்து ஆண்டுகளாவது இருக்கும். ஐந்நூற்று நாற்பது மேசைகள். நாங்கள் வைத்துவிட்டுப் போன சில்லறை எவ்வளவு என்பதை இங்கே எழுத எனக்கு மனமில்லை.

அந்த இடத்தின் பெருந்தன்மை என்று முப்பது ஆண்டுகள் நாங்கள் வியந்தது யாருடைய பெருந்தன்மை? அமர அனுமதித்தவர் உரிமையாளர். அது அவருடைய நற்குணம், அதற்கு அவரைப் போற்றத்தான் வேண்டும். அந்த அனுமதிக்கு மாதந்தோறும் விலை கொடுத்தவர் வேறொருவர். அவரை நாங்கள் கேட்கவில்லை. அவரும் மறுக்கவில்லை, மறுக்கக்கூடிய நிலையில் அவர் இல்லை.

களவுக்கு நம் நூல்கள் தரும் இலக்கணம் 'அதத்தாதானம்' என்பது, கொடுக்கப்படாததைக் கொள்ளுதல். வகுப்பில் அணுவிரதங்களை விளக்கும்போது பூட்டு உடைத்தல், எடை குறைத்தல் என்று எடுத்துக்காட்டுத் தருவேன். மறுக்கப்படாததும் கொடுக்கப்பட்டதும் ஒன்றுதானா என்ற வினாவை நான் ஒருநாளும் எழுப்பியதில்லை. வீட்டில் எல்லாரும் உண்டபின் மிச்சத்தை உண்ணும் மருமகள் மறுப்பதில்லை. பெரியவர் பேசி முடிக்கும்வரை வாடகைக்குக் காத்திருக்கும் ரிக்ஷாக்காரர் மறுப்பதில்லை. அவர்கள் கொடுத்தார்களா? நாங்கள் செய்தது களவு என்று நான் சொல்லவரவில்லை. அது மிகைப்படுத்தலாகும், அந்தச் சர்வரே கேட்டால் சிரிப்பார். ஆயினும் களவு அன்று என்று உறுதியாகச் சொல்லவும் நாவெழவில்லை. முற்றத் துறந்த முனிவர் கையேந்தி ஆகாரம் ஏற்கும்போது, எவருக்கும் அதனால் குறை நேராதவாறு தேனீயைப் போலக் கொள்ள வேண்டும் என்பர். இல்லறத்தார் ஓட்டலில் அமர்வதற்கு அத்துணைக் கடுமை வேண்டாம் என்று யாரேனும் கூறலாம். இருக்கட்டும். தேனீ அளவு இல்லாவிடினும், தேனைக் கொடுத்தது பூவா, கிளையா என்றாவது நாம் தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

என் வருத்தத்தின்மேல் எனக்கு ஐயம் பிறந்தது அன்றுதான். அந்த நிழலுக்காகவும் அந்த மேசைக்காகவும் எழுதிய ஒன்றரைப் பக்கத்தில் பரிமாறியவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மூடினால் எங்களுக்குச் சனிக்கிழமை மாலை போகும். அவர்களுக்குப் போவது என்ன என்பது நினைவுக்கே வரவில்லை. பொருளின்மேல் பற்று கொண்டவன் அப்பொருளை ஆக்கியவனை மறப்பான் என்பதற்கு வேறு சான்று எனக்குத் தேவைப்படவில்லை. அமெரிக்கக் கடையைப் பரிமாறிய பெண்ணே திறந்தார் என்ற செய்தியில் என் கண் நின்றதும் இதனால்தான். அந்தக் கடை எவருடையது என்ற கேள்விக்கு அங்கே ஒரு விடையாவது கிடைத்தது.

2010 நவம்பர் 24-ஆம் நாள் அவ்விடத்தில் செம்மொழிப் பூங்கா திறக்கப்பட்டது. ஏறத்தாழ இருபது ஏக்கர். சில மாதங்கள் கழித்து நானும் ஒரு தோழியும் சிறு கட்டணம் செலுத்தி உள்ளே சென்றோம். பழைய மரங்கள் பல அப்படியே நின்றன. நிழலில் குடும்பங்கள் துணி விரித்துக் கட்டுச்சோறு உண்டுகொண்டிருந்தன. மடியில் தையல் வேலையோடு ஒரு பெண் அமர்ந்திருந்தாள். அவளை எழுப்ப எவரும் இல்லை, அவளால் எவருக்கும் மேசை குறையவும் இல்லை. என் கணவர் சொன்னது முற்றும் உண்மை என்று கண்டேன். அப்போது அவர் உயிரோடில்லை. சொல்லியிருந்தால் மகிழ்ந்திருப்பார், ஒரு வாரம் அதையே பேசியும் இருப்பார்.

அறிவு ஒப்புக்கொண்டதை மனம் ஒப்பவில்லை என்பதையும் எழுதிவிட வேண்டும். நாங்கள் அமர்ந்த பக்கம் என்று நான் நினைத்த இடத்தில் பள்ளிப்பிள்ளைகள் கூச்சலிட்டு ஓடினர். 'இங்கே சத்தம் போடக்கூடாது' என்று வகுப்பறைக் குரல் தொண்டைவரை வந்துவிட்டது. பிள்ளைகளோடே வாழ்நாளைக் கழித்தவள், பிள்ளைகள் மகிழ்வதைக் கண்டு முகம் சுளித்தேன். பிறிதென்று எண்ணும் சிந்தனையை, அந்நியத்துவத்தை, எத்தனை முறை பாடமாகச் சொல்லியிருப்பேன்! இருக்கை போய் மூன்றாண்டு ஆகியும் அது என்னுடையதாகவே இருந்தது. என் தோழியோ, நாங்கள் அமர்ந்தது அந்தப் பக்கமே அன்று, எதிர்ப்பக்கம் என்று சாதித்தாள். வெளியே வரும்வரை அதற்காக வாதாடினோம்.

இப்போது நான் வெளியில் உண்பது அரிது. பேத்தி எப்போதாவது அழைத்துச் செல்வாள். பொழுது சாயுமுன் உண்டு முடிப்பேன். வாயிலில் ஆள் காத்திருப்பதைக் கண்டால் உடனே எழுந்துவிடுகிறேன். பரிமாறியவரை அழைத்துப் பெயர் கேட்டு, அவர் கையிலேயே பணத்தைக் கொடுக்கிறேன். சென்ற மாதமும் அப்படித்தான் எழுந்தேன். "காப்பிக்குக் காசு கொடுத்துத்தானே பாட்டி உட்கார்ந்திருக்கிறோம், ஏன் ஓடுகிறீர்கள்?" என்றாள் அவள். காப்பிக்குத்தான் கொடுத்தோம் என்றேன். அவள் புரியாமல் பார்த்தாள். வீட்டுக்குப் போய்ச் சொல்கிறேன் என்றேன், இன்னும் சொல்லவில்லை.